'கேரி ஆன் ஸ்க்ரீமிங்' படத்தை மறுபடி பார்ப்பது எப்படி

சின்ன வயதில் உயிராக நேசித்த படத்தை இப்போது எடுத்துப் போட்டு, இருபது நிமிடத்தில் "இதையா இப்படிக் கொண்டாடினோம்?" என்று அணைத்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். பேய்ப்படங்களைக் கிண்டல் செய்யும் படம் என்றால் அந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அந்த வயதில் நாம் அதைக் கிண்டலாகப் பார்க்கவே இல்லை. யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று தெரியாது, இரட்டை அர்த்தம் எதுவும் காதில் ஏறாது, உடம்பெல்லாம் ரோமமாக ஒருவன் இருட்டுக் காட்டுக்குள்ளிருந்து வந்து பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான், நாம் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டோம், அவ்வளவுதான். நமக்கு அது பேய்ப்படம், நடுநடுவே சிலர் கோமாளித்தனம் செய்தார்கள், அது வேறு விஷயம். பெரியவரான பிறகு கோமாளித்தனம் மட்டும்தான் கண்ணில் படுகிறது, பேய் காணாமல் போய்விடுகிறது. அந்தப் பேயையும் சேர்த்துத் திரும்பப் பிடிப்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

நான் எடுத்துக்கொள்ளும் படம் 1966-இல் வெளிவந்த 'கேரி ஆன் ஸ்க்ரீமிங்'. பிரிட்டனின் கேரி ஆன் நகைச்சுவைப் பட வரிசையில் பன்னிரண்டாவது, பைன்வுட் ஸ்டுடியோவில் எடுத்தது. இயக்கம் ஜெரால்டு தாமஸ், தயாரிப்பு பீட்டர் ராஜர்ஸ், எழுத்து டால்பட் ராத்வெல். உங்கள் சிறுவயதுப் படம் வேறொன்றாக இருந்தாலும் முறை பெரிதாக மாறாது, உதாரணங்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பேனாவை எடுங்கள்

படத்தைத் தேடுவதற்கு முன், போஸ்டரைக்கூடப் பார்ப்பதற்கு முன், நினைவில் இருப்பதை எழுதி வையுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். எந்த முகம், எந்த நிறம், எந்தச் சத்தம், எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டீர்கள், இது போதும். அரைப் பக்கம் தாண்டாது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், படத்தை மறுபடி பார்த்த மறுநாளே பழைய நினைவு அழிந்துபோய்ப் புதிய நினைவு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். அதன் பிறகு குழந்தையாக இருந்தபோது என்ன பார்த்தோம் என்பதை மீட்க வழியே இல்லை.

இந்தப் படத்தைப் பொறுத்தவரை பட்டியலில் பெரும்பாலும் வருவது இவைதான்: காட்டில் கிடைக்கும் ரோமம் அடர்ந்த விரல், கொதிக்கும் தொட்டி, மம்மி, சிவப்பு உடையில் ஒரு பெண், அவள் உடம்பைச் சுற்றி எழும் புகை. பெரும்பாலும் வராதது, கதாநாயகப் போலீஸ்காரரின் வீட்டுச் சண்டை. ஆனால் படத்தில் அதற்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். குழந்தை எதை விட்டுவிட்டது என்பதும் எழுதிய காகிதத்திலேயே இருக்கிறது.

கதையே மறந்துபோனவர்களுக்குச் சுருக்கமாக. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலம். ஹோக்கம் காட்டுக்குள் காதலனோடு போன டோரிஸ் என்ற பெண் காணாமல் போகிறாள், ஒரு விரல் மட்டும் கிடைக்கிறது. துப்பறியும் சார்ஜென்ட் பங், உதவியாள் ஸ்லோபாதம், காதலன் ஆல்பர்ட் பாட்டர் மூவரும் தேடிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் ஒரு மாளிகைக்குப் போகிறார்கள். அங்கே வலேரியாவும் அவளுடைய அண்ணன் டாக்டர் வாட்டும். இந்த டாக்டர் செத்துப் பிழைத்தவர், மின்சாரம் ஏற்றினால்தான் நடமாடுவார். கடத்தி வரும் பெண்களைத் தொட்டியில் முக்கி, கடை ஜன்னலில் வைக்கும் பொம்மைகளாக்கி விற்பது இவர்கள் தொழில். குழந்தைக்கு இது எவ்வளவு பயங்கரமான யோசனை என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். துணிக்கடை வாசலில் நிற்கும் பொம்மையைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஒரு பெண் உயிரோடு மாட்டிக்கொண்டிருக்கிறாளோ என்று தோன்றினால், அந்தப் படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

எந்தப் பிரதி

இதைப் பலர் கண்டுகொள்வதில்லை, ஆனால் குரல்களைப் பற்றி நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். சினிமா விநாடிக்கு 24 பிரேம். பிரிட்டனில் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைத் தொலைக்காட்சி விநாடிக்கு 25 பிரேம். எனவே பழைய நாளில் சினிமாவைத் தொலைக்காட்சியில் போடும்போது அதைச் சற்று வேகமாகவே ஓட்டினார்கள், நூற்றுக்கு நாலு பங்கு வேகம். 97 நிமிடப் படம் சுமார் 93 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்களும் கொஞ்சம் உச்ச சுருதிக்கு ஏறிவிடும். பால் முறை டிவிடிகளும் அப்படித்தான். ஆக, உங்கள் நினைவில் இருக்கும், டாக்டர் வாட்டாக வரும் கென்னத் வில்லியம்ஸின் கீச்சுக் குரல் அவருடைய உண்மையான குரலைவிட ஒரு நூல் மேலே. வலேரியாவாக வரும் பெனல்லா பீல்டிங்கின் குரலோ, அந்தப் படத்தில் அத்தனை பேரையும் மயக்கும் கருவியே அதுதான், உங்கள் நினைவில் இருப்பதைவிட இன்னும் தாழ்ந்தது.

சரியான வேகத்தில் ஓடும் பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள். பிரதியின் நீளத்தைப் பாருங்கள், 97 நிமிடத்தை ஒட்டி இருந்தால் சரி, 93 என்றால் வேகம் கூடியது. ஏதோ ஒன்று சரியில்லையே, நடிப்பு மெதுவாகத் தெரிகிறதே என்று முதல் சில நிமிடங்கள் தோன்றும், அது படத்தின் குறை கிடையாது. சிலர் வேண்டுமென்றே பழைய டிவிடியைத் தேடிப் பிடிக்கிறார்கள், குழந்தைப் பருவத்தின் சுருதி அதுதான் என்று. அதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

சப்டைட்டில் இருக்கும் பிரதியாகப் பாருங்கள். இந்தப் படத்தின் வசனங்களில் பாதி பெயரை வைத்து விளையாடுவது. டாக்டர் வாட் தன் பெயரைச் சொன்னதும் போலீஸ்காரர் "டாக்டர் ஹூ?" என்று கேட்கும் இடம் எல்லாம் விநாடியில் ஓடிவிடும். பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடர் 1963-இல்தான் தொடங்கியிருந்தது, அன்றைய தியேட்டரில் அதற்குச் சிரிப்பு அள்ளியிருக்கும். இதில் இன்னொரு வேடிக்கை, படத்தில் போலீஸ் விஞ்ஞானி பெட்டில் ஆக வரும் ஜான் பெர்ட்வீ 1970-இல் உண்மையாகவே அந்தத் தொடரின் மூன்றாவது டாக்டர் ஆனார். எடுத்தவர்களுக்கே தெரியாத நகைச்சுவை அது, நமக்கு மட்டும் கிடைப்பது.

முதல் தடவை: எதையும் தேடாதீர்கள்

இருட்டிய பிறகு பாருங்கள், தனியாகப் பாருங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் "இப்போ வரும் பாரு, இப்போ வரும்" என்று சொல்லிக்கொண்டே இருப்போம், எதிரில் இருப்பவர் சிரிக்கவில்லை என்றால் படத்துக்காக நாம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுவோம், படம் அங்கேயே செத்துவிடும். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். நடுவில் நிறுத்தி இந்த நடிகர் வேறு எதில் வந்தார் என்று தேடாதீர்கள், அதெல்லாம் நாளைக்கு.

முதல் கால் மணி நேரம் தள்ளாடும். இது எல்லாருக்கும் நடப்பது, பயப்பட வேண்டாம். 1966-இன் நகைச்சுவைக்கு ஒரு நடை இருக்கிறது, ஒருவர் ஜோக் சொல்வார், மற்றவர் முகத்தைத் திருப்புவார், தியேட்டர் சிரித்து முடிக்க இடம் விட்டு அடுத்த வசனம் வரும். காலி அறையில் அந்த இடைவெளி பள்ளம் மாதிரித் தெரியும். மாளிகைக்குள் நுழைந்த பிறகு சரியாகிவிடும், ஏனென்றால் பெனல்லா பீல்டிங் வந்துவிடுவார்.

அவரைப் பற்றி நிறையச் சொல்லலாம். வலேரியாவை அவர் ஒரு விநாடிகூடக் கேலியாக நடிக்கவில்லை. மற்றவர்கள் நகைச்சுவைப் படத்தில் இருக்கிறார்கள், அவர் மட்டும் வேறொரு அசல் பயங்கரப் படத்திலிருந்து தப்பி வந்தவர் மாதிரி நிற்கிறார். "புகைத்தால் ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டுவிட்டு அப்படியே படுத்திருக்க, உடம்பைச் சுற்றிப் புகை கிளம்புகிறதே, அதை அவர் கண்ணடித்துச் செய்திருந்தால் குழந்தை அதை நினைவில் வைத்திருக்காது, பெரியவரும் சிரித்திருக்க மாட்டார். அந்தச் சிவப்பு உடை உட்காரவே முடியாத அளவுக்கு இறுக்கம், காட்சிகளுக்கு நடுவே சாய்வுப் பலகை ஒன்றில் சாய்ந்துதான் இளைப்பாறினார் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இது தெரிந்த பிறகு அவருடைய நடையைப் பாருங்கள், அந்த நழுவல் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

நடுவில் ஒரு வாரம்: அசலைப் பாருங்கள்

கிண்டலை ரசிக்க, கிண்டல் செய்யப்பட்டதைத் தெரிந்திருக்க வேண்டும். இதை முதல் தடவைக்கு முன்னாலேயே செய்யலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். முதல் தடவை உங்கள் சிறுவயது நினைவுக்கும் படத்துக்கும் மட்டும் உரியது, அதில் பாடப் புத்தகத்தைக் கொண்டுவராதீர்கள்.

பார்க்க வேண்டியவை பிரிட்டனின் பேய்ப்பட நிறுவனமான ஹாமரின் படங்கள். 1957-இல் 'தி கர்ஸ் ஆப் பிராங்கன்ஸ்டைன்', 1958-இல் 'டிராகுலா', 1959-இல் 'தி மம்மி'. மூன்றிலும் டெரன்ஸ் பிஷர் இயக்கம், பீட்டர் குஷிங், கிறிஸ்டபர் லீ. முதல் இரண்டும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நேரமில்லை என்றால் அவை போதும். அமெரிக்கப் படம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1953-இல் வின்சென்ட் பிரைஸ் நடித்த 'ஹவுஸ் ஆப் வாக்ஸ்'. மனிதர்களை மெழுகுப் பொம்மையாக்கும் அந்தக் கதையிலிருந்துதான் நம் தொட்டியும் பொம்மைகளும் வருகின்றன.

ஹாமரின் பிராங்கன்ஸ்டைனும் டிராகுலாவும் அப்போது எக்ஸ் சான்றிதழ் பெற்றவை, 16 வயது நிரம்பாதவர்களைத் தியேட்டருக்குள் விட மாட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். அந்தக் காட்டையும் மாளிகையையும் மூடுபனியையும் குழந்தைகளாகிய நாம் முதலில் சந்தித்ததே கேரி ஆன் வழியாகத்தான். அசல் நமக்குப் பின்னால்தான் வந்தது. பலருக்கு டிராகுலாவை முதன்முதலாகப் பார்க்கும்போது "இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று தோன்றுவது அதனால்.

அப்புறம் இரண்டு பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஒளிப்பதிவாளர் ஆலன் ஹியூம். இவர் 1963-இல் ஹாமருக்காகவே 'தி கிஸ் ஆப் தி வேம்பயர்' படத்தை ஒளிப்பதிவு செய்தவர், பின்னாளில் 'ரிட்டர்ன் ஆப் தி ஜெடாய்' வரை போனவர். ஆக, கிண்டல் படத்துக்கு விளக்கு வைத்த ஆள் அசலுக்கும் விளக்கு வைத்தவர். நாம் சின்ன வயதில் பயந்ததில் அசட்டுத்தனம் எதுவும் இல்லை, திரையில் இருந்த இருட்டு நிஜமான இருட்டுதான். இரண்டு, வேலைக்காரன் சாக்கெட்டாக வரும் பெர்னார்டு பிரெஸ்லா. ஆறடி ஏழு அங்குல மனிதர். 1957 பிராங்கன்ஸ்டைன் படத்தில் அந்த அரக்கன் வேடத்துக்கு இவர் பெயரும் பரிசீலனையில் இருந்தது, வாய்ப்பு கிறிஸ்டபர் லீக்குப் போனது. ஒன்பது வருடம் கழித்துப் பேய் மாளிகையின் கதவைத் திறந்துவிடும் வேலைதான் இவருக்குக் கிடைத்தது!

இரண்டாவது தடவை: காகிதத்தோடு

இப்போது எழுதி வைத்த குறிப்பை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். இப்போது தாராளமாக நிறுத்தலாம், பின்னால் போகலாம்.

முதலில் சார்ஜென்ட் பங்காக வரும் ஹாரி எச். கார்பெட்டைக் கவனியுங்கள். வழக்கமாக சித் ஜேம்ஸ் நிற்கும் இடத்தில் இவர் நிற்கிறார், கேரி ஆன் வரிசையில் இவர் நடித்தது இந்த ஒன்றில்தான். 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம், ஆனால் ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழுவில் பயின்ற தீவிர நடிகர். வலேரியாவைப் பார்த்தவுடன் அந்த முகம் உருகுவதைப் பாருங்கள், ஒரு வரி வசனம் இல்லாமல் முழுக் கதையும் வந்துவிடுகிறது. சித் ஜேம்ஸ் இருந்திருந்தால் ஒரு சிரிப்பில் முடித்திருப்பார், படம் இவ்வளவு இருட்டாக இருந்திருக்காது. எனக்கு இந்த மாற்றம் படத்துக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

அடுத்து பீட்டர் பட்டர்வொர்த், ஸ்லோபாதமாக வருபவர், பெண் வேடம் போட்டுக்கொண்டு காட்டில் தூண்டிலாகப் போகிறாரே அவர்தான். இவரும் கதாசிரியர் ராத்வெலும் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களின் ஸ்டாலாக் லுப்ட் மூன்று கைதி முகாமில் சந்தித்தவர்கள், அங்கே கைதிகளுக்காகச் சேர்ந்து மேடையேறியவர்கள். இதைத் தெரிந்துகொண்டால் படம் வேறாகிவிடாது, ஆனால் இவ்வளவு மொக்கை ஜோக்கை இவ்வளவு நம்பிக்கையோடு ஒருவர் எழுதுவதும் மற்றவர் பேசுவதும் எப்படி என்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும்.

சார்லஸ் ஹாட்ரியின் டான் டான் மிகச் சின்ன வேடம், பொதுக் கழிப்பறைக் காவலர். அவர் உண்மையைச் சொல்லப் போகும் நேரத்தில் கதை முடிந்துவிடுகிறது, அதுவும் அவர் வேலை செய்யும் இடத்திலேயே. சின்ன வயதில் சிரித்திருப்போம். இப்போது பார்த்தால் கொடூரமான சாவு. கடைக்காரராக வரும் பிராங்க் தார்ன்டன் சில வருடங்கள் கழித்து 'ஆர் யூ பீயிங் சர்வ்டு?' தொடரில் மறுபடி கடைக்குள்ளேயே வந்து நின்றதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

கென்னத் வில்லியம்ஸ் "பிரையிங் டுநைட்!" (இன்றிரவு வறுவல் உண்டு) என்று கத்துகிறாரே, அது மீன் வறுவல் கடைகளின் வாசலில் தொங்கும் பலகை வாசகம். பிரிட்டனில் வளராத குழந்தைக்கு அது ஏதோ மந்திரம் போலக் கேட்டிருக்கும். இப்போது அர்த்தம் தெரிந்து சிரிப்பு வரும்தான், மந்திரமாகவே இருந்திருக்கலாமே என்றும் இருக்கும்.

எமிலி

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஜோன் சிம்ஸ் நடித்த எமிலி பங், போலீஸ்காரரின் மனைவி. படம் முழுக்க அவரைத் தொணதொணக்கும் மனைவியாக மட்டுமே எழுதியிருக்கிறார்கள். கணவன் இன்னொருத்தியிடம் மயங்கியிருக்கிறான், அவள் சந்தேகப்படுகிறாள், சந்தேகம் சரியாகவும் இருக்கிறது, ஆனாலும் படம் அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. கடைசியில் டோரிஸை மீட்கிறார்கள், எமிலியைப் பொம்மையாகவே விட்டுவிடுகிறார்கள், வலேரியா அந்த வீட்டுக்கு வந்துவிடுகிறாள், சுபம்.

இதைப் பார்த்து "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று தாண்டிப்போவதும், உடனே படத்தையே தூக்கி எறிவதும் இரண்டுமே சோம்பேறித்தனம். நான் சொல்வது, எமிலி வரும் காட்சிகளை மட்டும் ஒரு முறை தனியாக ஓட்டிப் பாருங்கள். எழுத்தாளர் கொடுத்தது ஒற்றைச் சுருதி, சிம்ஸ் அதற்குள் எத்தனை விதமாக அலுத்துக்கொள்கிறார், எந்த இடத்தில் மூச்சு விடுகிறார் என்று பாருங்கள். நல்ல நடிகை ஒருவரை எழுத்து எவ்வளவு குறைவாகப் பயன்படுத்தியது என்பது தெரியும். அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, படத்தில் உண்மையிலேயே பயமுறுத்தும் காட்சி இப்போது அதுதான், அவர்கள் அதைப் பயங்கரமாக நினைத்து எடுக்கவில்லை என்பதுதான் அதன் பயங்கரம்.

பிள்ளைகளுக்குக் காட்டுவதென்றால்

இரண்டு தடவை நீங்கள் பார்த்து முடித்த பிறகு காட்டுங்கள். "நான் உன் வயதில்" என்று ஆரம்பிக்காதீர்கள், அந்த வாக்கியம் கேட்டவுடன் எந்தப் பிள்ளையும் எழுந்து போய்விடும். வெறுமனே ஓட விடுங்கள். அவர்கள் பார்ப்பது நீங்கள் அன்று பார்த்த அதே பேய்ப்படமாகத்தான் இருக்கும், இரட்டை அர்த்தம் அவர்கள் தலைக்கு மேலே போகும், நீங்கள் சிரிக்கும் இடங்களில் உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள். ஏன் சிரித்தாய் என்று கேட்டால் மட்டும் மழுப்புவதற்கு ஏதாவது தயாராக வைத்திருங்கள்.

மிகச் சின்னப் பிள்ளைகள் என்றால் இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. துண்டான விரலுக்கு மின்சாரம் பாய்ச்ச, அதிலிருந்து ஆட்பாட் என்ற அந்த ரோம அரக்கனைப் போலவே இன்னொருவன் முழுதாக வளர்ந்து வந்து விஞ்ஞானியைக் கொல்லும் காட்சி ஒன்று, தொட்டியில் பெண்ணை இறக்கும் காட்சி இன்னொன்று. மம்மி எழுந்து வரும் முடிவுக் காட்சியை விட இவை கடுமையானவை, ஏனென்றால் மம்மி நடக்கும்போது அது வேடம் என்று பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. தொட்டிக் காட்சி வரும்போது அந்தப் பெண்ணைத் திரும்ப மனிதராக்கிவிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், டோரிஸ் விஷயத்தில் அது பொய்யில்லை. எமிலியைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.